கையகப்படுத்தும் விலை அறிவித்த பிறகும் பங்கு ஏன் அந்த விலையைத் தொடுவதில்லை?

ஒரு நிறுவனத்தின் பங்குகளை மொத்தமாக வாங்கிக்கொள்ள இன்னொரு நிறுவனம் "பங்குக்கு இவ்வளவு தருகிறேன்" என்று கேட்பதுதான் கையகப்படுத்தும் முன்மொழிவு. பழைய உலோகத்தை மறுசுழற்சி செய்யும் அமெரிக்காவின் ரேடியஸ் ரீசைக்ளிங் நல்ல உதாரணம். 2025 மார்ச்சில் ஜப்பானிய வணிக நிறுவனமான டொயோட்டா சூஷோ அதற்குப் பங்குக்கு 30 டாலர் தருவதாக அறிவித்தது. அது முந்தைய சந்தை விலையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்!

ஏன் அவ்வளவு? பழைய இரும்பின் விலை இறங்கினால் இத்தகைய நிறுவனங்களின் லாபம் கரைந்து, பங்கும் சரியும். ஆனால் மின்சார வெப்பத்தால் உருக்கும் மின்வில் உலைகளில் எஃகு உருக்குபவர்களுக்குப் பழைய இரும்புதான் முக்கிய மூலப்பொருள். அதைச் சேகரிக்கும் கிடங்குகள், நொறுக்கும் இயந்திரங்கள், துறைமுக வசதி எல்லாவற்றையும் புதிதாக அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். வாங்குபவர் பார்ப்பது இந்த ஆண்டு லாபத்தை அல்ல, இவற்றைத்தான்.

சரி, 30 டாலர் உறுதி என்றால் பங்கு ஏன் சற்றுக் கீழேயே நின்றது? முன்பணம் மட்டும் கைமாறிய வீட்டை நினைத்துப் பாருங்கள். பதிவு முடியும்வரை முழுப்பணம் வராது, பேச்சு முறியவும் வாய்ப்புண்டு. இங்கும் பங்குதாரர்களின் வாக்கும் அரசு அனுமதியும் தேவை. அந்தக் காத்திருப்புக்கும் ஆபத்துக்கும் உரிய தள்ளுபடிதான் அந்த இடைவெளி. ரேடியஸ் விற்பனை ஜூலையில்தான் முடிந்தது.

அப்புறம், அறிவிப்பு வந்தாலே பணம் நிச்சயம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பேச்சு முறிந்தால் பங்கு பழைய விலைக்கே, சில சமயம் அதற்கும் கீழே, விழலாம்.