எப்போதுதான் என்னை வரைய விடுவார்?

கேள்வி: அனுபவமுள்ள ஒரு காமிக்ஸ் ஓவியரிடம் ஆறு மாதமாக வேலை கற்றுக்கொள்கிறேன். பேனல் (படக் கட்டம்) கோடு போடுவது, அடிநிறம் நிரப்புவது, பலூனுக்குள் வசனத்தைப் பொருத்துவது, தினமும் இதுதான். ஒரு முகம்கூட வரையத் தரவில்லை. நானாக வரைந்த பக்கத்தைக் காட்டினால், “முதல்ல இதைக் கட்டைவிரல் அளவுல போட்டுக் கொண்டுவா” என்று திருப்பி அனுப்புகிறார். விலகிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போதைக்கு விலகாதீர்கள். உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

எடுபிடி வேலை என்று நீங்கள் நினைக்கும் லெட்டரிங்கையே, அதாவது பலூனுக்குள் வசனம் பொருத்துவதையே எடுத்துக்கொள்வோம். ஒரு பேனலில் இரண்டு பேர் பேசினால் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்பதுதான் வசதி, ஏனென்றால் நம் கண் இடமிருந்து வலமாகப் போகிறது. ஓவியர் அவர்களை மாற்றி நிற்க வைத்துவிட்டால் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் படிக்கப்படும். தலைக்கு மேல் இடமே விடாமல் வரைந்த பேனலில் மூன்று வரி வசனத்தைத் திணிக்கப் போராடியவர், தான் வரையும்போது அந்த இடத்தை விடாமல் இருப்பாரா? அடிநிறமும் அப்படித்தான். சட்டை, சுவர், வானம் என்று தனித்தனியாக நிரப்பும்போதுதான் எந்த உருவம் பின்னணியோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகிறது என்பது தெரியும்.

கட்டைவிரல் அளவு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் குருவின் பக்கம். அந்த அளவில் கண்ணிமையோ சட்டை மடிப்போ வரைய முடியாது. யார் எங்கே நிற்கிறார், எந்த பேனல் பெரிது, பக்கம் எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் மிஞ்சும், கதை சொல்வதே அதில்தான் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கம் இடப்பக்கம் வரும், புரட்டினால்தான் கண்ணில் படும். கதவுக்குப் பின்னால் நிற்பது யார் என்பதை 7ஆம் பக்கத்தில் காட்டினால், 6ஐப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்து குட்டு உடைந்துவிடும். 8க்குத் தள்ள வேண்டும். இதைத் தம்ப்நெயிலில், அதாவது அந்தக் கட்டைவிரல் அளவுப் படத்தில், மாற்ற ஐந்து நிமிடம் போதும், மையிட்டு முடித்த பக்கத்தில் மாற்ற யாருக்கும் மனசு வராது, வீம்புக்கு அதுதான் சரி என்று வாதாடுவோம்.

அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் ஜூல்ஸ் ஃபைஃபர் 1946இல், 17 வயதில், காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னரின் ஸ்டூடியோவில் சில்லறை வேலைகளில்தான் ஆரம்பித்தார். அங்கிருந்து கதை எழுதுவதற்குப் போனார், பிறகு சம்பள உயர்வு கேட்டபோது அதற்குப் பதிலாக அவருக்கென்று சொந்தமாக ஒரு பக்கம் கிடைத்தது. கேட்டதால் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

சரி, அந்த நியாயமான பாதி. குருவின் பக்கங்களிலேயே உங்கள் வரைகலை வளர வேண்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். எட்டுப் பக்கத்தில் சொந்தமாக ஒரு கதையைத் தொடங்குங்கள் (மடித்து நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் வரும், அதனால் எட்டு). கதை, தம்ப்நெயில், பென்சில், மை, வண்ணம், லெட்டரிங் எல்லாம் நீங்களே செய்து, அச்சுக்கான ஃபைல் வரைக்கும் கொண்டுபோங்கள். பலரும் சறுக்குவது அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். வெட்டும்போது விளிம்பில் வெள்ளைக்கோடு தெரியாமலிருக்கச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாகப் படம் வேண்டும். வசன எழுத்து கறுப்பு மை மட்டும் கொண்டதாக இருக்க வேண்டும், நான்கு நிறங்களின் கலவையாக இருந்தால் அச்சுத் தகடு (பிளேட்) கொஞ்சம் நகர்ந்தாலே எழுத்தைச் சுற்றி நிழலடிக்கும்.

தம்ப்நெயில் முடிந்ததும் குருவிடம் கொண்டுபோய், “சார், வாரத்துக்கு ஒரு மணி நேரம் இதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்க” என்று வாய்விட்டுக் கேளுங்கள். முகம் வரையத் தாருங்கள் என்று கேட்பதைவிட இது அவருக்கும் சுலபம். ஏன் இந்த பேனலை மாற்றச் சொல்கிறார் என்று காரணம் சொல்கிறாரா என்று பாருங்கள். காரணமே சொல்லாமல் வேலையை மட்டும் வாங்குபவராக இருந்தால் தாராளமாக விலகலாம்.

இன்னொன்று, நீங்கள் லெட்டரிங்கும் வண்ணமும் செய்த புத்தகம் விற்பனைக்குப் போகிறதா? அப்படியானால் அதில் உங்கள் பெயர் வர வேண்டும், பணமும் வர வேண்டும். அதை அடுத்த புத்தகத்தில் கை வைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.