அந்தக் காலத்து ரேஞ்சர் வீட்டில் குடும்பம் எப்படி நடந்தது?

காட்டுக்குள் வேலை பார்த்த பழைய ரேஞ்சர்களின், அதாவது வனச்சரக அதிகாரிகளின், மனைவி, பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாத்தா ஆனைமலைப் பக்கம் ரேஞ்சராக இருந்தவர். பாட்டி கடைசிக் காலத்தில் பெங்களூரு அல்சூரில் எங்களோடு இருந்தார். அவர் சொல்லக் கேட்டதை வைத்து எழுதுகிறேன்.

ரேஞ்சர்களுக்குப் பயிற்சி தர 1878-இல் டேராடூனிலும் 1912-இல் கோயம்புத்தூரிலும் பள்ளி தொடங்கினார்கள். மரம், நில அளவை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். கூடப் போகும் பெண்ணுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை.

முதல் பயம் புலி இல்லை, மலேரியா. கொய்னா மாத்திரையை வெல்லத்துக்குள் பொதிந்து உருட்டிக் கொடுத்து, பிள்ளை விழுங்கும்வரை பாட்டி வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாராம்.

தாத்தா கூப்பு, அதாவது மரம் வெட்டும் காட்டுப் பகுதி, பார்க்கக் கிளம்பினால் திரும்ப ஒரு வாரம் ஆகும். பேச்சுத்துணைக்கு வனக் காவலரின் மனைவி மட்டும்தான். கொல்லையில் ஒரு பலாமரம். பழுத்து வாசம் கிளம்பினால் யானை வந்துவிடும் என்று பிஞ்சிலேயே பறித்துக் கறி வைத்துவிடுவார்கள். அப்படியும் சில ராத்திரி கிளை முறியும் சத்தம் கேட்கும். விளக்கைத் தணித்து, பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டியதுதான்.

அரிசி, மண்ணெண்ணெய் மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் வரும். அது சரி, எப்படியோ சமாளித்தார்கள்.

பாட்டி கலங்கியது பள்ளிக்கூடத்தை நினைத்துத்தான். பக்கத்தில் பள்ளி கிடையாது. என் அப்பாவை ஆறு வயதில் பொள்ளாச்சியில் மாமா வீட்டில் விட்டார்கள். முதல் லீவு முடிந்து வண்டி ஏறும்போது, "அவன் திரும்பியே பார்க்கலடா" என்று எண்பது வயதிலும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.