தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில் தோட்டக்கலை படிக்க ஆசைப்படும் பையன்

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த மகன் தோட்டக்கலைதான் படிப்பேன் என்கிறான். ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமாவுக்கு 28,000 ரிங்கிட் கேட்கிறார்கள். கையில் 13,000 இருக்கிறது, மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? கணவரோ, "எங்கப்பா தோட்டத்துல பட்டது போதாதா, இவனும் மண்ணைக் கிளறணுமா" என்று கோபப்படுகிறார்.

பதில்: அக்கா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். அடகுக்கடை வட்டி மாதம் 2 விழுக்காடு வரை போகும். 15,000-க்கு மாதம் 300, வருடம் 3,600, அதுவும் அசலில் ஒரு காசு குறையாமல். உயர்கல்விக்குக் கடன் தரும் அரசு நிதியான பிடிபிடிஎன் கடனில் சேவைக் கட்டணம் வருடத்துக்கு 1 விழுக்காடுதான், அதே 15,000-க்கு 150 ரிங்கிட். ஆனால் அந்தப் படிப்புக்கு எம்கியூஏ (படிப்புகளின் தரத்தைச் சரிபார்க்கும் அரசு அமைப்பு) அங்கீகாரம் இருந்தால்தான் அந்தக் கடன் கிடைக்கும், அதனால் கல்லூரிக்காரர் வாயால் சொல்வதை நம்பாமல் எம்கியூஏ பதிவேட்டில் நீங்களே பார்த்துவிடுங்கள்.

நான் கேட்பது, 28,000 எதற்கு என்பதுதான். அரசு பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, விவசாயக் கழகம் (பேராக் தித்தி காந்தோங்கில் ஒன்று இருக்கிறது) எல்லாம் இதில் ஒரு சிறு பங்குதான் வாங்கும். எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வழியாகப் போனால் நிலை 3 வரை சான்றிதழ், 4-இல் திறன் டிப்ளோமா என்று ஏறலாம், அதற்குக் கடன் கொடுக்க பிடிபிகே எனும் திறன் மேம்பாட்டு நிதி இருக்கிறது. உங்கள் 13,000-ஐப் படிப்புக்கே கொட்டிவிடாதீர்கள். படித்து முடித்தபின் ஒரு மோட்டார் சைக்கிள், புல் வெட்டும் மெஷின், மருந்துத் தெளிப்பான் வாங்க அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

சரி, அண்ணனின் கோபத்துக்கு வருகிறேன், அது நியாயமான கோபம். என் தாத்தாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்தான், 'தோட்டம்' என்ற சொல்லே எங்கள் வீட்டில் வலிக்கும். ஆனால் அங்கே நிலமும் மரமும் துரையுடையவை, நம்முடையது கூலி மட்டும். பையன் படிக்கப்போவது ஒட்டுக்கட்டுவது, மண்ணின் அமிலத்தன்மை பார்ப்பது, நோய் கண்டுபிடிப்பது, சொட்டுநீரில் உரம் கலந்து மிளகாயும் ரோக்மெலனும் வளர்ப்பது, நிலப்பரப்பு வடிவமைத்து விலை எழுதிக் கொடுப்பது. இந்தக் கைத்திறன் எங்கே போனாலும் அவனோடு போகும். பினாங்கில் கொண்டோ, கோல்ஃப் மைதானம், ஹோட்டல், பாலிக் பூலாவ் டுரியான் தோப்பு என்று ஆள் தேடுகிற இடங்கள் உண்டு.

ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதை மறைக்க விரும்பவில்லை. குறைந்தபட்சச் சம்பளமான 1,700-ஐ ஒட்டித்தான் பலர் தொடங்குகிறார்கள். அப்புறம் கொண்டோ பராமரிப்பு ஒப்பந்தமோ சொந்த நர்சரியோ எடுக்கும்போதுதான் வருமானம் மாறும். அதற்குக் கணக்கு எழுதவும் மலாயில் விலைப்பட்டியல் போடவும் தெரிய வேண்டும், அதை இப்போதே பழகச் சொல்லுங்கள்.

அண்ணனின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் டிப்ளோமாவுக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது, ஆனால் அது அவருடைய முதுமைக்கான பணம், அதைக் கடைசியாகத் தொடுங்கள்.

பணம் கட்டுமுன் பையனை ஒரு மாதம் ஏதாவது நர்சரியில் வேலைக்கு அனுப்புங்கள். மதிய வெயிலில் தொட்டி தூக்கிவிட்டு வந்தும் இதுதான் வேண்டும் என்று சொன்னால், அந்த வாரமே விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம்.