பழைய சிட்டி: ஏர்பேக் ரீகால் முடிந்ததா என்று பார்ப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2012 ஹோண்டா சிட்டிக்கு ரீகால் (குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே அழைத்து மாற்றித் தருவது) கடிதமே வரவில்லை என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வந்திருந்தாலும் முதல் ஓனர் வீட்டுக்குத்தான் போயிருக்கும். ஆர்.சி.யில் உள்ள 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸ் நம்பரை ஹோண்டா இந்தியா தளத்தில் போட்டுப் பாருங்கள், பாக்கி இருந்தால் காட்டும். மாற்றித் தருவது இலவசம், நீங்கள் எத்தனையாவது ஓனர் என்பது பொருட்டில்லை.

தள்ளிப்போடாதீர்கள். ரீகாலுக்குக் காரணமே தகாடா என்ற ஜப்பான் கம்பெனியின் இன்ஃப்ளேட்டர், அதாவது ஏர்பேக் பையை ஊதும் கருவி; அதில் இருப்பது அம்மோனியம் நைட்ரேட். வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அது கெட்டுப்போகும். பிறகு மோதும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடே வெடித்துச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். சென்னையில் கடற்கரைப் பக்கம் வெயிலில் நிற்கிற வண்டி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்!

ஏர்பேக் ஃப்யூஸைப் பிடுங்கிவிடலாம் என்று உங்கள் மெக்கானிக் சொன்னது சரியில்லை. நிஜமாக மோதினால் பையே விரியாது. ஏர்பேக் உள்ளே இருக்கும் ஸ்டியரிங்கை அவர் கழற்றவும் விடாதீர்கள்.

இன்னொன்று: வண்டி முன்பு அடிபட்டு, காயலாங்கடை ஏர்பேக் மாட்டியிருந்தால் சேஸ் நம்பர் அதைக் காட்டாது. சர்வீஸ் சென்டரில் உள்ளே இருக்கும் பாகத்தின் சீரியல் நம்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும், செய்த வேலையைக் குறித்த ஜாப் கார்டை வாங்கி வையுங்கள்.