பாபிலோனும் நூறு நாள் தண்டலும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கராக இருக்கிறேன். 'தி ரிச்சஸ்ட் மேன் இன் பாபிலோன்' படித்த பிறகு, மூன்று ஆண்டுகளாகச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துவைக்கிறேன். இப்போதுதான் கையில் பணம் நிற்கிறது. அதே புத்தகத்தை என் தங்கை கணவருக்கும் கொடுத்தேன். தள்ளுவண்டியில் இட்லிக்கடை நடத்துகிறார். சரக்குச் செலவு போக நாளுக்கு 700, 800 ரூபாய் நிற்கும். ஆனால் எப்போதும் தண்டலில்தான் ஓடுகிறார். கையில் 9,000 வாங்கி, தினம் 100 வீதம் நூறு நாள் கட்டுவார். அது முடிந்ததும் அடுத்தது. பத்தில் ஒரு பங்கு போடச் சொல்லி நான் வாங்கிக்கொடுத்த உண்டியலை இரண்டே வாரத்தில் உடைத்துவிட்டார். "உங்களுக்கு மன உறுதி இல்லை மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. தவறு புத்தகத்திலா, அவரிடமா?

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவதாக ஒருவரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டீர்கள். அவரைப் பிறகு கவனிப்போம்.

புத்தகத்துக்குச் சேர வேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று இருந்தவரை எனக்கு எந்த மாதமும் எதுவும் மிஞ்சவில்லை. சம்பள நாளன்று நேராக அஞ்சலகத்துக்குப் போய் ஆர்.டி. கட்டிவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினேன். அந்த மீதியிலேயே மாதம் ஓடிவிட்டது. எப்படி ஓடியது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அட்டை கிழிந்து டேப் ஒட்டிய அந்தப் பாஸ்புக் இன்னும் பீரோவில் கிடக்கிறது. அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்றும் உண்டு. கதையின் நாயகன் அர்காத் தன் முதல் ஆண்டுச் சேமிப்பைச் செங்கல் செய்பவன் ஒருவனிடம் கொடுத்து நகைக்கல் வாங்கிவரச் சொல்வான். அவன் ஃபினீசிய வியாபாரிகளிடம் ஏமாந்து கண்ணாடித் துண்டுகளோடு திரும்புவான். அசலுக்கு மாதம் பத்து சதவீதம் தருகிறேன் என்று யாராவது வந்து நிற்கும்போது அந்தச் செங்கல்காரனை நினைத்துக்கொண்டால் போதும், புத்தகத்துக்குக் கொடுத்த காசு வசூலாகிவிடும்.

ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது? ஜார்ஜ் கிளாசன் 1926 முதல் இந்தக் கதைகளைச் சிறு பிரசுரங்களாக வெளியிட்டார். அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கி வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தன. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், அதை வைக்க வங்கியில் கணக்கு இருக்கும்: இவை இரண்டும் உள்ளவர்தான் அதன் வாசகர். நீங்கள் அந்த வாசகர். உங்கள் மாப்பிள்ளை அல்ல. கிளாசனின் சொந்தத் தொழில் வரைபடம் அச்சிடுவது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் முதல் சாலை வரைபட நூலைக் கொண்டுவந்த அவரது நிறுவனம், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிப்போனது. கேலிக்காகச் சொல்லவில்லை. 1930க்கும் 1933க்கும் இடையில் அங்கே ஏறக்குறைய 9,000 வங்கிகள் மூடப்பட்டன. பத்தில் ஒரு பங்கை ஒழுங்காகப் போட்டுவைத்தவர்களும் அந்த வாசல்களில் வரிசையில் நின்றார்கள்.

இனி பாபிலோன். கதையில் தபசீர் என்ற ஒட்டக வியாபாரி வருமானத்தில் பத்தில் ஒன்றைச் சேமித்து, இரண்டைக் கடன்காரர்களுக்குக் கொடுத்து, ஏழில் வாழ்ந்து மீண்டுவருவான். நிஜ பாபிலோனில் கடன் அவ்வளவு எளிதாக இல்லை. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோன் மன்னன் ஹமுராபியின் சட்டத் தொகுப்பில், தானியக் கடனுக்கு வட்டி மூன்றில் ஒரு பங்கு, வெள்ளிக்கு ஐந்தில் ஒரு பங்கு. கடனுக்காக மனைவியையோ பிள்ளையையோ கடன்காரன் வீட்டு வேலைக்கு அனுப்பினால், மூன்று ஆண்டுகள் முடிந்து நான்காவது ஆண்டில் விட்டுவிட வேண்டும். என்னைக் கவர்ந்தது 48ஆம் விதி. புயலோ வெள்ளமோ வறட்சியோ வந்து விளைச்சல் போனால், அந்த ஆண்டு விவசாயி கடன்காரனுக்குத் தானியம் தர வேண்டியதில்லை. கடன் எழுதிய களிமண் பலகையை நனைத்து எழுத்தை மாற்றிக்கொள்ளலாம், அந்த ஆண்டுக்கு வட்டியும் கிடையாது. சில அரசர்கள் ஆணை பிறப்பித்துக் கடன்களையே தள்ளுபடி செய்திருக்கிறார்கள். கிளாசன் பாபிலோனிலிருந்து ஒட்டகத்தை எடுத்துக்கொண்டார், களிமண் பலகையையும் எடுத்துக்கொண்டார். அதை நனைக்கும் தண்ணீரை அங்கேயே விட்டுவிட்டார்.

இட்லி வண்டிக்கு மழை நாள் என்றால் வருமானம் இல்லை. தண்டல்காரர் மழையிலும் வருவார்.

நீங்கள் கணக்கர், இதைப் போட்டுப் பாருங்கள். 9,000க்கு நூறு நாளில் 1,000 வட்டி. அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக அவர் கையில் இருக்கும் கடன் 4,500 அளவுதான். ஆண்டுக் கணக்கில் வட்டி 80 சதவீதத்தை ஒட்டி வரும். இந்தக் கடனை வைத்துக்கொண்டு ஒருவர் உண்டியலில் பணம் போட்டால் அது நஷ்டம். உடைத்தது சரிதான்.

கடனை அடைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் ஆகிய ஆய்வாளர்கள் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சந்தை வியாபாரிகளின் வட்டிக்கடனைத் தாங்களே கட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் உதவி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பு பழுது, ஊரில் ஒரு சாவு: இவற்றைத் தாங்க இடமில்லாத வருமானத்தில் கடன் திரும்பி வருவதில் எனக்கு வியப்பில்லை.

இனி பட்டியலில் விட்டுப்போன மூன்றாமவர்: நீங்கள். மன உறுதி என்றீர்கள். நாளுக்கு 100 ரூபாய் என்பது அவர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே. அதை நூறு நாள் விடாமல் எடுத்துவைக்கிறார், முடிந்ததும் அடுத்த நூறு நாள். நீங்களும் நானும் மாதத்துக்கு ஒரு நாள்தான் செய்கிறோம்.

இப்போதைய தண்டல் என்றைக்கு முடிகிறது என்று தங்கையிடம் விசாரியுங்கள். அதற்கு முந்தின நாள் காலை வண்டிக்குப் போய் நான்கு இட்லி சாப்பிடுங்கள், சொன்னதற்கு வருத்தம் தெரிவியுங்கள். உங்கள் மூன்று ஆண்டுச் சேமிப்பிலிருந்து 9,000 ரூபாயை வட்டியில்லாமல் கொடுங்கள். அதே 100 வீதம் தொண்ணூறு நாளில் திருப்பிக் கொடுக்கட்டும், மழை நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் அதே 100 ரூபாயை அவர் பெயரிலேயே போட்டு வரச் சொல்லுங்கள். நடுவில் அடுப்பு பழுதானால் தண்டல்காரருக்கு முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இட்லிக்குக் காசு கொடுத்துவிட்டு வாருங்கள்.