கைவிடப்பட்ட சூளையும் உடைசல் குவியலும்

அன்பின் ஐயா,

கடுவெலைக்கு அப்பால், களனி கங்கைக் கரையோரத்தில், ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திக் கைவிட்ட மட்பாண்டத் தொழிற்சாலையொன்று பற்றை மூடிக் கிடக்கிறது. நண்பர்களுடன் உள்ளே சென்று பார்க்கவும், சில பாண்டங்களை எடுத்துவரவும் விரும்புகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

கே., வெள்ளவத்தை

அன்பின் கே.,

முதலில் அந்தக் குடும்பத்தாரிடம் அனுமதி பெறுங்கள். எதையும் எடுத்துவர வேண்டாம் என்றும் வேண்டிக்கொள்கிறேன்.

நன்றாக வந்த பாண்டங்கள் விற்றுப்போயின. வெடித்தவையும் கோணியவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவையும்தான் அங்கேயே தங்கின. ஆகவே சூளைக்குப் பின்னாலுள்ள உடைசல் குவியலில் அதிக நேரம் செலவிடுங்கள். சீராகக் காயாததால் விண்ட விளிம்பையும், ஈரம் வெளியேறுமுன் தீயைக் கூட்டியதால் நீராவி சிதறடித்த அடிப்பாகத்தையும் அங்கே காணலாம். களிமண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் 573 பாகை செல்சியஸில் சட்டென விரிந்து, சூடு தணியும்போது அதே பாகையில் சுருங்குவதால், அந்தக் கட்டத்தை அவசரமாகக் கடந்த சூளையில் பாண்டங்கள் வெடிக்கும். கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மெருகு, பூசிய துண்டாயின் வெடிப்பின் ஓரத்தைக் கவனியுங்கள்: கிளேஸ் உருண்டு திரண்டிருந்தால் அது உருகுமுன்பே பாண்டம் வெடித்திருக்கிறது, கூராக இருந்தால் தணியும்போது வெடித்திருக்கிறது. சூளைக்காரரின் கைப்பக்குவத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சான்று வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். கிளறப்படாத குவியலில் அடியில் கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது. அழகான ஒரு துண்டை உருவியெடுத்தாலும் அந்த வரிசை குலைந்துவிடும். அளவுகோலொன்றை அருகில் வைத்துப் படமெடுத்தால் போதும்.

உலர்ந்த களிமண் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா உண்டு, பழைய கிளேஸ் பொடியில் ஈயமும் இருக்கலாம். எதையும் பெருக்காதீர்கள், முகமூடி அணியுங்கள், புகைபோக்கியின் அடியில் நிற்காதீர்கள்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றையே தொல்பொருளென வரையறுக்கிறது. அதனால் நம் பாட்டன்மார் காலத்துச் சூளைகள் எவரும் கேட்பாரின்றி இடிபடுவது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. சூளைக்குத் தீயிட்டவர்கள் எவரேனும் அயலில் இருந்தால், சிங்களம் நன்கறிந்த நண்பரொருவருடன் சென்று, விறகு எது, எத்தனை நாள் எரித்தார்கள், வெந்துவிட்டதை எப்படி அறிந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிரதியொன்றை அந்தக் குடும்பத்தாருக்கும் கொடுங்கள்.