பாதியில் நிற்கும் கூடுகள்

கேள்வி: எங்கள் கிணற்றோர ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டுகின்றன. ஐந்தாறு கூடுகள் பாதியிலேயே நிற்கின்றன. யாராவது கலைத்துவிட்டார்களோ? – ஒரு வாசகி, மதுராந்தகம்

பதில்: யாரும் கலைக்கவில்லை, அம்மா. பெண் குருவி வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன வீடுகள் அவை.

மழைக்குப் பின் புல்லும் நெல்லும் நீளும்போதுதான் ஆண் குருவி தலையில் மஞ்சள் ஏறி வேலையைத் தொடங்கும். புல் தாளின் ஓரத்தை அலகால் கவ்விக்கொண்டு பறக்க, பச்சை நார் நீளமாகக் கிழிந்து வரும். கவிழ்த்த தலைக்கவசம் போல, நடுவில் குறுக்குப் பட்டியுடன் கூடு உருவானதும், அதில் தொங்கிச் சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். ஓர் ஐப்பசிக் காலையில் எங்கள் கேணி மேட்டில் உட்கார்ந்து பார்த்தேன்: ஒரே பெண் நான்கு கூடுகளுக்குள் நுழைந்து நாரை இழுத்து இழுத்துச் சோதித்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது!

பிடித்த கூட்டில்தான் முட்டை அறையும் குழாய் வாசலும் முழுமை பெறும். பெண் இரண்டு முதல் நான்கு முட்டை இட்டு அடைகாக்க, ஆண் அடுத்த கூட்டைக் கட்டப் போய்விடும். 1930-இல் மகாராஷ்டிரத்தின் கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் இதைக் கவனித்து எழுதியவர் பறவையியலாளர் சாலிம் அலி.

பாதிக் கூடுகளை அறுத்துவிடாதீர்கள். பழைய கூடுகளில் சில்லைகள் என்ற சிறு பறவைகள் குடியேறுவது உண்டு. கீழே விழுந்த கூடு கிடைத்தால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். குருவி அப்பிய மண் கையில் படும்.